முரசுக்குள்ளே ஆள் இருக்கு!

சிவகாசி வட்டாரத்து அச்சங்குளம் பக்கம் யாரிடமாவது ஒரு செல்போனை நீட்டி, ‘சந்திரலேகா’ படத்தின் முரசு நடனத்தைப் போட்டுக் காட்டிப் பாருங்கள். மினி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களானாலும் சரி, பயராபீஸ் (பட்டாசு ஆலை) வேலை முடிந்து தூக்குவாளியோடு வருகிற அக்காமார்களானாலும் சரி, முதல் அரை நிமிடம் சும்மா பார்ப்பார்கள். பிறகு ஆரம்பிக்கும் கேள்வி. “ஏக்கா, இம்புட்டு முரசையும் எங்கன வச்சுச் செஞ்சிருப்பாக?” “மேல ஆடுறவ வழுக்கி விழ மாட்டாளா?” “எத்தன நாளு பழகியிருப்பாளுக?”

கதாநாயகியின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை வராது. வேலையைப் பற்றித்தான் பேச்சு. காரணம் இருக்கிறது. வாணவேடிக்கையை வானத்தில் பார்த்து வாய் பிளப்பவர்கள் ஊரெல்லாம் உண்டு. அது தரையில் எப்படி உருவாகிறது என்று அறிந்தவர்கள் இந்தக் கரிசல் காட்டில்தான் உண்டு. காகிதக் குழாய் சுற்றி, மருந்து செலுத்தி, திரி வைத்து, சரம் பின்னி, காயப்போட்டு, பெட்டியில் அடைத்து... வேலை மாதக்கணக்கில், மேலே போய் விரிவதோ கண் மூடித் திறக்கும் நேரத்தில். முரசு நடனத்தின் கணக்கும் இதேதான். ஆறு மாத ஒத்திகை, திரையில் சில நிமிடம்!

ஆகவே அந்த அக்காமார்களின் கேள்விகளை மடியில் கட்டிக்கொண்டு, சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த ஜெமினி ஸ்டூடியோவின் பின்வாசல் வழியாக உள்ளே போய்விட்டு வருவோம். வருடம் 1947 என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் போடாமல் வாருங்கள்... இல்லை, வேண்டிய மட்டும் போடுங்கள். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

தீயில் பிறந்த ஸ்டூடியோ

வாசலிலேயே சிவகாசிக்காரர்கள் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். இந்த ஸ்டூடியோவின் கதையே தீயில் தொடங்குகிறது. இயக்குநர் கே.சுப்ரமணியத்தின் ஸ்டூடியோ இங்கே இருந்தது. அது தீப்பிடித்து எரிந்து, ஏலத்துக்கு வந்தது. ‘ஆனந்த விகடன்’ அதிபர் எஸ்.எஸ்.வாசன் 1941இல் அதை எடுத்தார். விலை 86,427 ரூபாய், 11 அணா, 9 பை. அந்த அணாவையும் பையையும் மறந்துவிடாதீர்கள். பின்னால் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்தவர் வாசன். அப்பாவை இளம்வயதிலேயே இழந்து, அம்மாவின் உழைப்பில் வளர்ந்து, விளம்பரத் தொழிலில் கால் ஊன்றி, 1928இல் விகடனை வாங்கி, அப்புறம் சினிமாவுக்கு வந்தவர். விளம்பரக்காரருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: சரக்கு தயாராகும் முன்பே பேச்சு கிளம்பிவிட வேண்டும். ‘சந்திரலேகா’வுக்கு அவர் செய்தது அதைத்தான். கதையே இல்லாமல் படத்தை அறிவித்துவிட்டார்!

மூக்கறுத்து மிளகாய்ப் பொடி

நம்ப முடியவில்லையா? இந்தப் பக்கம் வாருங்கள், இதுதான் கதை இலாகா. கே.ஜே.மகாதேவன், கொத்தமங்கலம் சுப்பு, சங்கு சுப்ரமணியம், வேப்பத்தூர் கிட்டு என்று ஒரு பெரிய கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. கதை எழுதுவதற்கென்று மாதச் சம்பளத்தில் ஓர் இலாகா. இன்றைய ‘ரைட்டர்ஸ் ரூம்’ எல்லாம் இதற்குப் பேரன் முறை.

1943இல் ‘மங்கம்மா சபதம்’ வசூலை அள்ளிக் கொடுத்த பிறகு, வீரப்பெண் ஒருத்தியைப் பற்றி இன்னொரு கதை வேண்டும் என்று வாசன் கேட்டார். இலாகா ஒரு கதையைக் கொண்டுவந்தது. சந்திரலேகா என்ற துணிச்சல்காரி, கொடிய கொள்ளைக்காரன் ஒருவனை மடக்கி, அவன் மூக்கை அறுத்து, அறுத்த இடத்தில் மிளகாய்ப் பொடியை வைத்துத் திணிக்கிறாள்! வத்தல் வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகரில் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் கைதட்டி விசிலடித்திருப்பார்கள். வாசன் முகம் சுளித்தார். ரத்தமும் காரமும் வேண்டாம் என்று கதையை ஒதுக்கினார். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பெயரை வைத்து விளம்பரமும் கொடுத்துவிட்டார்.

மாதங்கள் ஓடின. கதை வந்தபாடில்லை. பொறுமை போன வாசன், இந்தப் படத்தைக் கட்டிவைத்துவிட்டு ‘ஔவையார்’ எடுக்கப் போகிறேன் என்று சொல்லிக் கெடு வைத்தார். கடைசி நேரத்தில் கைகொடுத்தது கிட்டுவின் புத்தகப் பசி. ஜி.டபிள்யூ.எம்.ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் ‘ராபர்ட் மக்கேர்’ அவர் கையில் அகப்பட்டது. இருட்டு, தபால் வண்டி, கொள்ளைக் கூட்டம், வண்டியில் ஒளிந்திருக்கும் ஓர் இளம்பெண். அந்த முதல் காட்சியைப் பற்றிக்கொண்டு, மீதிக் கதையை இலாகா சொந்தமாகக் கட்டியது.

கதை இதுதான். அரசனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வீரசிம்மன் நல்லவன், இளையவன் சசாங்கன் பொல்லாதவன். இருவர் கண்ணும் சந்திரலேகா என்ற கிராமத்து ஆட்டக்காரி மேல். சாட்டையைச் சொடுக்கி அவளை ஆடவைக்கிறான் சசாங்கன். அவள் தப்புகிறாள். வீரசிம்மனைக் குகைக்குள் தள்ளிப் பாறையால் மூடுகிறார்கள். சர்க்கஸ் யானைகள் வந்து பாறையைப் புரட்டுகின்றன. இருவரும் சர்க்கஸில் வேஷம் கட்டி ஒளிகிறார்கள், நாடோடிக் கூட்டத்தோடு சுற்றுகிறார்கள், கடைசியில் அவள் மாட்டிக்கொள்கிறாள். “உன்னைக் கட்டிக்கொள்கிறேன், ஆனால் கல்யாணத்தில் முரசு நடனம் நடக்க வேண்டும்” என்று நிபந்தனை போடுகிறாள். அப்புறம்தான் வெடி!

நாயகன் யார், வில்லன் யார்?

நடிகர் தேர்வும் நேர் வழியில் போகவில்லை. எம்.கே.ராதாவை முதலில் கேட்டது வில்லன் வேஷத்துக்கு. நல்லவனாகவே நடித்துப் பெயர் வாங்கியவர், தயங்கினார். அவர் மனைவி ஞானாம்பாளும் எடுத்துப் பேச, வாசன் அவரை நாயகனாக்கினார். அப்படியானால் சசாங்கன் யார்? ரஞ்சன். நாட்டியம் அறிந்தவர், வாள் வீசத் தெரிந்தவர், ‘மங்கம்மா சபத’த்தில் அப்பா, பிள்ளை என்று இரட்டை வேடம் போட்டவர். இரும்பு நெஞ்சுக்கார வில்லனுக்கு இவர் சரிப்படுவாரா, நளினம் கூடிவிட்டதே என்று வாசனுக்கே முதலில் சந்தேகம். திரையில் ரஞ்சன் வாளை உருவியதும் அந்தச் சந்தேகம் செத்தது. படத்தின் முடிவில் ராதாவும் ரஞ்சனும் போடும் வாள்சண்டை அத்தனை நீளம்.

சந்திரலேகா யார் என்பதில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனிக் குஷி உண்டு. டி.ஆர்.ராஜகுமாரி! தஞ்சாவூர்க் கலைக் குடும்பத்துப் பெண். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ படத்தில் தியாகராஜ பாகவதரை மயக்கியவர். அந்தப் படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. ஒரு தீபாவளிக்குச் செய்த சரக்கு மூன்று தீபாவளி ஓடினால் சிவகாசியில் என்ன சொல்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரிதாரக் கூடத்தில் ஒரு நிமிடம்

இந்த மாடியறையில் பேரொளி வீசுகிறதே, இது மேக்கப் கூடம். ராபர்ட் கிளைவின் குதிரை லாயம் இருந்த கட்டடம் என்று ஸ்டூடியோவில் ஒரு பேச்சு உலவியது. இந்தக் கூடத்தை இலக்கியத்தில் நிறுத்தியவர் அசோகமித்திரன். 1952இல் ஜெமினியில் வேலைக்குச் சேர்ந்து 1966 வரை இருந்தவர். செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவருடைய வேலையில் ஒன்று. அந்த வருடங்களைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதியது இன்று நாடு முழுக்கப் பள்ளிப் பாடம்.

அவர் கண்ணில் பட்டது என்ன தெரியுமா? சுற்றிலும் கண்ணாடி, எல்லாக் கோணத்திலும் விளக்கு, அந்த வெக்கையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருக்கும் நடிகர்கள். மேக்கப் இலாகாவின் தலைவர் ஒரு வங்காளி. அடுத்து வந்தவர் மகாராஷ்டிரர். உதவிக்குத் தார்வார்க் கன்னடர், ஆந்திரர், சென்னைக் கிறிஸ்தவர், ஆங்கிலோ பர்மியர், உள்ளூர்த் தமிழர்கள். தேசிய ஒருமைப்பாடு என்று அரசாங்கம் மேடைபோட்டுப் பேசும் முன்பே முகப்பூச்சுக் குழம்பு அதைச் சாதித்துவிட்டது. ‘பான்கேக்’ என்ற அந்தப் பூச்சை ஸ்டூடியோ லாரி லாரியாக வாங்கியதாம்.

கூட்டக் காட்சி என்றால் கதையே வேறு. நாயகனுக்குத் தலைமை மேக்கப்காரர், அடுத்த நிலை நடிகருக்கு அடுத்த நிலை ஆள் என்று வரிசை இறங்கி இறங்கி, கூட்டத்தில் நிற்பவர்களுக்கு ‘ஆபீஸ் பாய்’ மிஞ்சுவார். பெரிய பாத்திரத்தில் பூச்சைக் கலக்கி, வருகிற முகத்துக்கெல்லாம் அப்பிவிட வேண்டியது. முகத்தில் உள்ள துளைகளை அடைத்தால் போதும், அழகு பிற்பாடு!

கூடாரமும் பெர்லினும்

அந்தப் பக்கம் கேட்பது நிஜச் சிங்கத்தின் உறுமல்தான், பயப்படாதீர்கள். படத்துக்குச் சர்க்கஸைச் சேர்க்கலாம் என்று யோசனை வந்ததும், படக்குழு தென்னாட்டுச் சர்க்கஸ்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தது. கடைசியில் கமலா சர்க்கஸையும் பரசுராம் லயன் சர்க்கஸையும் அமர்த்தினார்கள். யானை, குதிரை, பார் விளையாட்டு, கோமாளி என்று எல்லாம் அசல்.

இடையில் ஒரு நல்ல செய்தி. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போன என்.எஸ்.கிருஷ்ணன் 1947இல் விடுதலையாகி வெளியே வந்தார். அவரையும் டி.ஏ.மதுரத்தையும் விட மனம் வருமா? சர்க்கஸ் கூடாரத்துக்குள் அவர்களுக்கென்று காட்சிகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். படம் பாதியில் இருக்கும்போது ஆட்கள் வந்து சேர்கிறார்கள், ஆட்கள் விலகியும் போகிறார்கள். இயக்குநராக ஆரம்பித்தவர் டி.ஜி.ராகவாச்சாரி என்ற ஆச்சார்யா. வாசனோடு ஒத்துவராமல் அவர் விலக, அதுவரை படம் இயக்கியறியாத வாசனே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒளிப்பதிவாளர் கே.ராம்நாத்தும் 1947இல் ஜெமினியை விட்டுப் போக, கமல் கோஷ் கேமராவைத் தொடர்ந்து பிடித்தார்.

ஆட்டம், பாட்டு, சர்க்கஸ், கோமாளி எல்லாவற்றையும் ஒரே பந்தியில் பரிமாறும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? சினிமாவின் பிறப்பிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1895 நவம்பர் 1ஆம் தேதி, பெர்லின் நகரின் வின்டர்கார்டன் அரங்கில் மாக்ஸ், எமில் ஸ்க்ளடனோவ்ஸ்கி என்ற அண்ணன் தம்பி, ‘பயாஸ்கோப்’ என்று தாங்களே பெயரிட்ட கருவியால் நகரும் படங்களைக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காட்டியதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு! வின்டர்கார்டன் ஒரு பல்சுவை ஆட்ட அரங்கு. அங்கே மேடையில் நேரில் ஆடுகிறவர்கள் எல்லாம் ஆடி முடித்த பிறகு, நிகழ்ச்சியின் கடைசி அயிட்டமாகத்தான் படம் வந்தது. படத்தில் என்ன? குழந்தைகள் ஆடும் இத்தாலிய நடனம், ரஷ்ய நடனம், கழைக்கூத்து, மனிதனோடு குத்துச்சண்டை போடும் கங்காரு. கடைசியில் அண்ணன் தம்பி இருவரும் திரையில் தோன்றிக் குனிந்து வணங்குகிறார்கள். ஒவ்வொன்றும் சில விநாடிதான். திரும்பத் திரும்ப ஓட்டினார்கள்.

முப்பது வருடம் கழித்து அதே வின்டர்கார்டனைக் களமாக வைத்து ஜெர்மானியர்கள் ஓர் ஊமைப்படம் எடுத்தார்கள்: 1925இல் வந்த ‘வரியெட்டே’. இ.ஏ.டூப்போன் இயக்கம், எமில் யான்னிங்ஸும் லியா டி புட்டியும் அந்தரத்தில் ஊஞ்சலாடும் வித்தைக்காரர்கள். கேமராக்காரர் கார்ல் ஃபிராய்ண்டு கேமராவையே ஊஞ்சலில் ஏற்றிவிட்டார். கீழே உட்கார்ந்திருக்கும் பார்வையாளர் கூட்டம் மேலும் கீழும் ஆட, படம் பார்க்கிறவனுக்கே தலை சுற்றியது. உலகம் முழுக்க அந்த வித்தையைப் பற்றிப் பேசினார்கள்.

தமிழிலும் அப்படித்தான் தொடங்கியது. 1931இல் ‘காளிதாஸ்’ வந்தபோது கதையை மட்டும் நம்பி ஜனங்களைக் கூப்பிடவில்லை; டி.பி.ராஜலட்சுமியின் குறத்தி நடனத்தையும் சேர்த்தே காட்டினார்கள். ஆட்டம் இல்லாமல் நமக்குப் படமே கிடையாது, முதல் நாளிலிருந்தே.

முரசு வருகுது, வழிவிடு!

இதோ வந்துவிட்டோம். இதுதான் அரங்கம். கலை இயக்குநர் ஏ.கே.சேகர் போட்டுவைத்திருக்கிற பிரம்மாண்டம். கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் அரண்மனை முடியமாட்டேன் என்கிறது. வரிசை வரிசையாக முரசுகள். ஒவ்வொன்றின் மேலும் ஆட்டக்காரர்கள். 400 பேர்!

கதைப்படி இந்த முரசுகளுக்குள் வீரசிம்மனின் ஆட்கள் ஒளிந்திருக்க வேண்டும். ஆட்டம் உச்சத்துக்குப் போனதும் முரசுகள் திறந்துகொள்ள, வாளும் கையுமாக வீரர்கள் கொட்டுவார்கள். கிரேக்கர்கள் ட்ராய் நகரத்துக்கு மரக்குதிரையை அனுப்பிய அதே சூழ்ச்சி. ஆக, ஒரு முரசு இரண்டு வேலை செய்தாக வேண்டும்: ஆடுகிறவர்களின் குதிப்பைத் தாங்கும் மேடை, உள்ளே ஆள் மறையும் கூடு. இதை வெறும் காகிதமும் பசையும் வைத்து முடித்துவிட முடியாது. ஸ்டூடியோத் தச்சர்கள் யார் யார் என்று எந்தத் தலைப்பு அட்டையும் சொல்லவில்லை. ஆனால் நடனத்தின் பாதிப் பாரம் அவர்கள் கைவேலையின் மேல்தான் நிற்கிறது.

நடனம் அமைத்தவர் ஜெயசங்கர். படத்தின் நடனங்களுக்கு மிஸஸ் ரெயின்பேர்ட், நடனம் நடராஜ், நிரஞ்சலா தேவி ஆகியோரின் பெயர்களும் உண்டு. ஆறு மாதம் ஒத்திகை. 400 பேரை ஒரே தாளத்துக்குக் கொண்டுவருவது என்றால் சும்மாவா? கோயில் கொடையில் எட்டுப் பேர் கும்மி கொட்டினாலே ஒருத்தி முந்துவாள், ஒருத்தி பிந்துவாள். இங்கே ஒரு கை தப்பினால் படம் முழுக்கத் தப்பு. தப்பியவளைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பதற்குள் பிலிம் ஓடித் தீர்ந்துவிடும்.

அதனால்தான் கமல் கோஷ் நான்கு கேமராவை நிறுத்தினார். ஒன்று முழு அரங்கையும் வாரி எடுக்கும், ஒன்று பக்கத்தில் போகும், ஒன்று காலைப் பார்க்கும், ஒன்று முகத்தைப் பார்க்கும் என்று வெட்டி ஒட்ட வசதி. 400 பேரையும் மறுபடி மறுபடி ஆடவைப்பதைவிட ஒரு தடவை ஆடும்போதே பல கோணத்தில் பிடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். மீதியைத் தொகுப்பாளர் சந்துரு பார்த்துக்கொண்டார்.

இசைக்கு எஸ்.ராஜேஸ்வர ராவ், பின்னணிக்கு எம்.டி.பார்த்தசாரதி. பாட்டெழுதியவர்கள் பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும். கர்நாடக சங்கீதம், இந்துஸ்தானி, லத்தீன் அமெரிக்கத் தாளம், வால்ட்ஸ் என்று காது எதிர்பார்க்காத இடத்தில் எதிர்பார்க்காதது வந்து விழும். ஒலிப்பதிவு செய்தவர் சி.இ.பிக்ஸ் என்ற ஆங்கிலேயர். படம் தொடங்கியபோது நாட்டை ஆண்டது அவருடைய ராஜா. முடிந்தபோது நாம் சுதந்திரக் குடிமக்கள். ஐந்து வருடம் எடுத்தால் ஆட்சியே மாறிவிடும்!

இங்கே சத்தம் போடலாம்

இப்போது வாசலில் சொன்ன ரகசியத்தை உடைக்கிறேன். வசனக் காட்சி எடுக்கும்போது ஸ்டூடியோவில் யாரும் தும்மக்கூடாது. ஆனால் பாட்டுக் காட்சிக்கு அந்தத் தடை இல்லை. பாட்டை முதலிலேயே பதிவுசெய்து, படப்பிடிப்பில் ஒலிபெருக்கியில் போட்டுவிடுவார்கள். அதற்கு ஆட வேண்டும், வாயசைக்க வேண்டும், அவ்வளவுதான். கேமரா காதை மூடிக்கொண்டு கண்ணால் மட்டும் வேலை செய்யும். நடன ஆசிரியர் கத்தலாம், தச்சர் ஆணி அடிக்கலாம், உதவி இயக்குநர் “ஏம்மா மூணாவது வரிசை!” என்று தொண்டை கிழியக் கூப்பிடலாம்.

யோசித்துப் பார்த்தால், பேசும் படம் வந்தபிறகு ஊமைப்படம் எங்கும் போய்விடவில்லை. பாட்டுக் காட்சிக்குள் புகுந்து குடித்தனம் நடத்துகிறது. ஸ்க்ளடனோவ்ஸ்கி சகோதரர்கள் எடுத்த நடனத்துக்கும் முரசு நடனத்துக்கும் எடுக்கும் முறையில் அத்தனை தூரம் இல்லை. அவர்களும் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உடம்பின் அசைவை மட்டும் பிடித்தார்கள், ஜெமினியிலும் அப்படியே. இன்று வரை தமிழ்ப் படத்தில் பாட்டு எடுப்பது இப்படித்தான். முரசு நடனத்தைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் தாளம் கேட்கும். கைகளும் கால்களும் வரிசைகளும் அதைக் கண்ணுக்குள் அடிக்கும்.

இன்னொரு கதவைத் திறந்து காட்டாமல் போனால் பாவம். ஏறக்குறைய இதே காலத்தில் இதே ஜெமினியில்தான் உதயசங்கர் தன் ‘கல்பனா’வை எடுத்தார். நாட்டியப் பள்ளி ஒன்றைக் கட்டக் கனவு காணும் கலைஞனின் கதை. படம் முழுக்க நடனம். 1920களில் அன்னா பாவ்லோவாவோடு ஐரோப்பிய மேடைகளில் ஆடியவர் உதயசங்கர். அவருக்கும் ஒளிப்பதிவு நம் கே.ராம்நாத்தான். திருவிதாங்கூரிலிருந்து வந்த பத்மினி என்ற சிறுமி திரையில் முதன்முதலாகத் தோன்றியது அந்தப் படத்தில்தான். 1948இல் ‘கல்பனா’வும் வந்தது, ‘சந்திரலேகா’வும் வந்தது. ஒரே மதில் சுவருக்குள் இந்தியாவின் இரண்டு மாபெரும் நடனப் படங்கள்! முதலாவதை 2012இல் சீர்ப்படுத்திக் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். இரண்டாவதை நம் ஊர்க் கிழவிகள் இன்னும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

அணா பைசா கணக்கு

இப்போது அந்தக் கணக்கு. முரசு நடனத்துக்கு மட்டும் ஆன செலவு 5 லட்சம் ரூபாய் என்பார்கள். ஸ்டூடியோவை வாங்கிய விலை 86 ஆயிரத்துச் சொச்சம். அதாவது ஒரு நடனத்துக்கு ஏறக்குறைய ஆறு ஸ்டூடியோ விலை! படம் முழுக்க 30 லட்சம். அன்றைக்கு இந்தியாவில் எந்தப் படத்துக்கும் ஆகாத செலவு. வாசன் சொத்தை அடமானம் வைத்தார். நட்டமென்றால் விகடனும் ஜெமினியும் சேர்ந்து ஆட்டம் கண்டிருக்கும்.

1948 ஏப்ரல் 9ஆம் தேதி தமிழில் வெளிவந்தது. ஜனம் அலைமோதியது. ஆனாலும் 30 லட்சத்தைத் தமிழ்நாடு மட்டும் திருப்பித் தர முடியாது. வாசனுக்குள் இருந்த விளம்பரக்காரர் விழித்துக்கொண்டார். இந்தியில் காட்சிகளைச் சேர்த்து, மாற்றி, அதே வருடம் டிசம்பர் 24 அன்று வட இந்தியாவில் இறக்கினார். 600க்கும் மேல் பிரதிகள்! தினசரிகளில் முழுப்பக்க விளம்பரம், தெருவெல்லாம் போஸ்டர். சென்னையில் எடுத்த படத்தை வடக்கே யார் பார்ப்பார்கள் என்று கேட்டவர்கள் வாயடைத்தார்கள். தெற்கத்திப் படம் நாடு முழுக்க ஓடும் என்று காட்டிய முதல் பெரிய வெற்றி இது. இன்றைக்குப் ‘பான் இந்தியா’ என்று மார்தட்டுகிற எல்லாருக்கும் கொள்ளுத் தாத்தா. சுருக்கிய ஆங்கிலப் பதிப்பு வெளிநாடு போனது, ஜப்பானியர்களும் பார்த்தார்கள்.

படித்தவர்கள் சிலர் இதெல்லாம் வெறும் பகட்டு என்று உதட்டைப் பிதுக்கினார்கள். வாசன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஏர் பிடிக்கிறவனும் மூட்டை தூக்குகிறவனும் நாலணா கொடுத்து வந்து தரையில் உட்காருகிறான்; அவனுக்குத் திருவிழா காட்டுவதே தன் தொழில் என்பது அவர் கட்சி. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் ஆற்று மணலில் படுத்துக் கூத்துப் பார்த்த சனத்துக்கு அது உடனே புரிந்தது.

பெயர் போடாத 400 பேர்

அச்சங்குளத்தின் பெயரை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அறிந்தது 2021 பிப்ரவரி 12ஆம் தேதி. இங்கிருந்த பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 20 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அடுத்தவர் கொண்டாடுவதற்காக உழைத்தவர்கள். அதுவரை அவர்கள் பெயரை யாரும் கேட்டதில்லை. இந்த ஊரில் நின்று முரசு நடனம் பார்க்கும்போது, ஆடுகிறவளுக்கு வழுக்காதா என்ற கேள்வி வேடிக்கைக்காக வருவதல்ல. பளபளப்புக்குப் பின்னால் உடம்பு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது.

‘சந்திரலேகா’ பற்றி எழுதியவர்கள் எல்லாரும் வாசனின் துணிச்சலையும் 30 லட்சத்தையும் எழுதினார்கள். நானும் எழுதிவிட்டேன். ஆனால் அந்தப் படத்தை 75 வருடத்துக்கு மேல் உயிரோடு வைத்திருப்பது பணமல்ல. அடமானம் வைத்து யாரும் பணம் புரட்டலாம். ஆறு மாதம் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப ஆடிப் பழகியவர்களின் கால்களை விலைக்கு வாங்க முடியாது. கணினியில் நாலு பேரை நாலாயிரமாகப் பெருக்கிக் காட்டும் இந்தக் காலத்தில் முரசு நடனம் இன்னும் மயிர்க்கூச்செறிய வைப்பது, அங்கே ஆடுகிற ஒவ்வொருவரும் நிஜம் என்பதால்தான். என் தீர்ப்பு இது: தமிழ் சினிமாவின் மிகப் பெரிய நட்சத்திரக் கூட்டம் அந்த 400 பேர்தான், டி.ஆர்.ராஜகுமாரி அவர்களுக்கு முன்னால் நின்ற அழகான தலைவி.

படம் இணையத்தில் கிடைக்கிறது. வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு பாருங்கள். முரசு நடனம் வரும்போது நடுவில் ஆடுகிறவரை விட்டுவிட்டு, கடைசி வரிசை ஓரத்தில் ஆடுகிற பெண்ணைப் பாருங்கள். அவளும் ஒரு கை தப்பவில்லை.